சொல்லிக்கொள்ளாமல் போனவர்

மத்தியானமே பிரதமர் நஞ்சப்பனின் உயிர் போய்விட்டது. அந்தச் சரவணம்பட்டி ஆஸ்பத்திரியில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: டாக்டர் யாஸ்மின், உள்துறை அமைச்சர் திருமூர்த்தி, பிரதமரின் செயலாளர் கிருபாசங்கர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது சுலபம். இங்கே வாசலில் எள் போட்டால் எள் விழாது, அத்தனை டிவிக்காரர்கள்.

மறைக்காமலும் முடியாது. நடுக்கடலில் நம் கப்பல்களும் பக்கத்து நாட்டுக் கப்பல்களும் பீரங்கியை நீட்டிக்கொண்டு நின்றன. பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு. அதுவும் நஞ்சப்பனின் வாய்ச்சொல்லை நம்பி வந்த பேச்சு. அவர் இல்லையென்று தெரிந்தால் தில்லியில் பாதுகாப்பு அமைச்சர் அந்த நிமிடமே பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற ஆசாமி, சுடச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். அவரை முந்தி எம்.பி.க்களைச் சேர்க்கத் திருமூர்த்திக்குச் சாயங்காலம் வரை நேரம் வேண்டும். அந்தக் கப்பல் ஒன்றில்தான் கிருபாசங்கரின் தம்பி நிதீஷ் இருந்தான்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிரதமரின் மனைவி சென்னியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அழுகையை யார் பூட்டி வைக்க முடியும்?

திருமூர்த்தி சிரித்த முகத்தோடு உள்ளேயிருந்து வந்தார். “அண்ணன் கண்ணு முழிச்சுட்டாருங்கக்கா. உங்களத்தான் கேட்டாரு. டாக்டரம்மா கொஞ்ச நேரங் கழிச்சு உள்ள விடறேன்னாங்க.”

நன்றாகத்தான் நடித்தார். பிறகு விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போய்விட்டார்.

அங்கேதான் பிசகியது. நஞ்சப்பனின் அன்னூர்த் தோட்டத்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் ஒரு தடவை, காரில் ஏறும்போது ஒரு தடவை ‘போயிட்டு வாரேனுங்கக்கா’ சொல்லாமல் கிளம்பாத மனிதர். இழவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். வாய் பொய் சொல்லிவிட்டது, கால் பழக்கத்தை விடவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

சென்னியம்மாள் அந்தக் கதவையே பார்த்தார். “திருமூர்த்தி சொல்லிக்காமப் போவுது, பாத்தியா கண்ணு?”

“அவசரமுங்கம்மா...” என்றான் பக்கத்தில் நின்ற கிருபா.

அம்மாளின் உதடு கோணியது. ஒரே ஒரு அலறல் போதும், கீழே நிற்கிற மைக்கெல்லாம் பிடித்துக்கொள்ளும். கிருபா பயத்தில் அவர் காலைக் கட்டிக்கொண்டான். “கப்பல் திரும்பற வரைக்குமுங்கம்மா. எந்தம்பி அங்க இருக்கானுங்க.”

சென்னியம்மாள் எழுந்தார். கலைந்திருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். கிருபா பின்னால் போனான்.

“அவுங்க தூங்கறாங்க” என்றார் டிவிக்காரர்களிடம். “முழிச்சா ரசஞ்சோறு வேணும்னு கேட்டிருக்காங்க. நான் மேல போயிட்டு வாரேனுங்க.”

கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். லிஃப்ட் கதவு மூடியதும் கிருபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கப்பல் எப்பக் கண்ணு திரும்பும்? நான் எப்ப அழுகறது?”

கிருபா கப்பல் திரும்பிய சேதி வரவேண்டிய போனைப் பார்த்தான். அது இன்னும் அடிக்கவில்லை.