பகல் பள்ளிக்கு வந்த தொலைநோக்கி

காலை மணி அடிக்கும் முன்பே தலைமையாசிரியர் கிர்தாரிலால் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரம், விஞ்ஞான ஆசிரியை விமலேஷ். எதிரே பெற்றோர் சார்பில் இருவர்: எட்டாம் வகுப்பு மைனாவின் அப்பா ராம்ஸ்வரூப் சௌத்ரி, தலைப்பாகையும் விறைப்புமாக, அதே வகுப்பு விகாஸின் அம்மா சந்தோஷ் தேவி, முக்காட்டுக்குள் கொட்டாவியை மறைத்தபடி. மிச்சமிருந்த ஒரே நல்ல நாற்காலியில் தொலைநோக்கி வீற்றிருந்தது.

ஜெய்ப்பூர் விஞ்ஞானக் கழகம் அதை ஒரு நிபந்தனையோடு அனுப்பியிருந்தது. பையன்களும் பெண்களும் சேர்ந்தே பார்க்க வேண்டும். முடியாதென்றால் அது பக்கத்து ஊர் ஹாஸ்டல் பள்ளிக்குப் போய்விடும். பதில் இன்றே தபாலில் சேர வேண்டும். விமலேஷ் ஆசையாசையாகக் கேட்டு வாங்கியது. அட்டவணையும் அவளே போட்டிருந்தாள்: இரவு எட்டு மணி.

"கபடி, கம்ப்யூட்டர், ஆர்மோனியம்னு எல்லாம் இங்க பையன்களோட சேர்ந்துதான் மைனா கத்துக்கிட்டா. நான் வாயைத் தொறந்தேனா?" என்றார் ராம்ஸ்வரூப். "ஆனா ராத்திரி அனுப்ப மாட்டேன் மேடம்ஜி. தெருவிளக்கு கூடக் கிடையாது."

"அப்போ பையன்கள் மட்டும்..." என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

"பொண்ணுங்க இல்லேன்னா தொலைநோக்கியும் இல்ல, குருஜி" என்றாள் விமலேஷ்.

சந்தோஷ் தேவி இன்னொரு கொட்டாவி விட்டாள்.

"என்ன பஹன்ஜி, எங்க பேச்சு தாலாட்டா இருக்கா?" என்றார் ராம்ஸ்வரூப்.

"நேத்து தேய்பிறைச் சதுர்த்தி, சௌத் விரதம், சௌத்ரிஜி. நிலாவைப் பாத்தாத்தானே சோறு? அந்தப் பாவி ஊரு அடங்கின பிறகு சாவகாசமா வர்றான். உங்க வீட்டுக்காரி பட்டினி கிடந்ததாவது தெரியுமா, இல்ல தூங்கிட்டீங்களா?"

தலைமையாசிரியர் சிரித்தார். விமலேஷ் சிரிக்கவில்லை. அவ்வளவு தாமதமாக வந்த நிலா அதற்குள் எங்கே மறைந்திருக்கும்? ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேல், வெளுத்த அப்பளம் போல நின்றிருந்தது நிலா.

"பகல் பள்ளிக்கூடத்துக்கு ராத்திரி அட்டவணை போட்டிருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

குழாயைத் திருப்பிச் சரிசெய்ததும் முதலில் குனிந்தவர் ராம்ஸ்வரூப். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கே!"

"நகருங்க, பட்டினி கிடந்தது நான்" என்றாள் சந்தோஷ் தேவி.

பிரார்த்தனைக்கு நின்றிருந்த பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடிவந்தார்கள். மைனா இடுப்பில் கை வைத்தாள். "அப்பா, இங்க எல்லாரும் வரிசையில நிக்கணும். பின்னால போங்க!"

ராம்ஸ்வரூப் அசடு வழிய விலகினார். ஆனாலும் விடவில்லை. "மாசம் பூரா இப்படி நிக்குமா?"

"தேய்பிறையில காலையில இருக்கும். வளர்பிறையில சாயங்காலம், பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள கிழக்கே வந்துடும். இருட்டறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல இருப்பா" என்றாள் விமலேஷ்.

"அப்புறம் என்ன குருஜி, எழுதுங்க!" என்றார் ராம்ஸ்வரூப்.

தலைமையாசிரியர் அங்கேயே நின்றபடி எழுதினார்: தொலைநோக்கி எங்களிடமே இருக்கும், பையன்களும் பெண்களும் பள்ளி நேரத்திலேயே பார்ப்பார்கள். கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, முத்திரை வைத்தார். தபால்காரருக்காகக் காத்திருக்க ராம்ஸ்வரூப்புக்குப் பொறுமையில்லை. உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தபால் நிலையத்தை நோக்கி மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.