நல்ல தண்ணீரில் அலசிய லாகர்

அமில அளவு ஏழு என்று தெரிந்த கரைசலில் முக்கினால் கருவி ஏழு காட்ட வேண்டும். ஆறு புள்ளி ஒன்று காட்டியது. சூடு அடங்கட்டும் என்று கரைசலை நிழலில் வைத்து, முனையைக் கழுவி, மறுபடி முக்கினேன். அதே ஆறு புள்ளி ஒன்று. எரிச்சலாக வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

புன்னக்காயலில், ஆறு கடலில் சேரும் இடத்தில், சாலோமி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கூண்டுகளில் நண்டு வளர்த்தார்கள். போன வியாழன் இரவு அத்தனையும் செத்துப்போயின. ஆற்றில் மேல்பக்கம் உள்ள ஆலை கழிவைத் திறந்துவிட்டது என்கிறது ஊர். இல்லவே இல்லை என்கிறது ஆலை. நாளை விசாரணை. ஆற்றுநீரை அளப்பது என் வேலை. கூண்டுக்குப் பக்கத்துக் கம்பில் நான் கட்டிவிட்டுப் போன லாகர்தான் இவர்களுக்கு ஒரே சாட்சி. தண்ணீரின் அமிலத்தன்மையையும் வெப்பத்தையும் தானாகவே பதிந்துகொண்டிருக்கும். அன்று இரவு அமிலம் ஏறியதாகத்தான் பதிந்திருந்தது. ஆனால் ஏழு என்ற அளவை ஏழு என்று சொல்லத் தெரியாத சாட்சியை எவன் மதிப்பான்?

ஆலைக்காரன்தான் கை வைத்திருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு லாகரின் வெப்பப் பதிவைப் பார்த்தேன். நண்டுகள் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை நண்பகல், அது இருபத்தொன்பதிலிருந்து நாற்பத்துமூன்றுக்கு ஏறி, சாயங்காலம்தான் இறங்கியிருந்தது. ஆறு அப்படிச் சுடாது. யாரோ அதை வெயிலில் போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, செவ்வாக்கிழமை இத யாரும் வெளிய எடுத்தாங்களா?"

"நான்தான் எடுத்தேன் தஸ்மியா. பாசியும் சேறுமா கெடந்துச்சு. நல்ல தண்ணியில அலசி, மாடியில காய வச்சு, சாயங்காலம் திரும்பக் கட்டிட்டேன். உப்புல கெடந்த சாமான அப்படியே விட்டா அரிச்சிரும்லா." சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது.

வலை, எஞ்சின், கத்தி எல்லாவற்றையும் அந்த ஊரில் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். காயவே கூடாத சாமான் இது ஒன்றுதான். முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் காய்ந்துபோனால், அதற்குப் பிறகு அது சொல்லும் எதையும் நம்ப முடியாது. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்போ வியாழக்கிழமை ராத்திரி பதிஞ்சது?"

"செல்லாதுக்கா."

கருவி காய்ந்துவிட்டது, செவ்வாய்க்குப் பிந்திய அமிலப் பதிவுகள் செல்லாது என்று அறிக்கையில் தட்டினேன். விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. மரத்துப்போய் இருந்தேன்.

"யாரு காய வச்சதுன்னு போட்டியா?"

"அது வேண்டாம்க்கா."

"போடு பிள்ள. பேரில்லாம விட்டா, ஊர்க்காரன் வேணும்னே கை வச்சான்னுதான் ஆலைக்காரன் சொல்லுவான். பொறவு நம்ம ஊரு எத கொண்டு போனாலும் எவனும் நம்ப மாட்டான். சாலோமின்னு போடு."

போட்டேன்.

வாசலில் அவர் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். விசாரணைக்குப் போடுவதற்காகத் தேய்த்து வாங்கிய சட்டை கையில் இருந்தது.

"என்ன தங்கச்சி, நாளைக்கு நம்ம பக்கம்தான?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாலோமி அக்கா எழுந்துவிட்டார்.

"உள்ள வாங்க. நான் சொல்லுதேன்."