இடப்பக்கப் படம்

அந்த விமானத்தின் வலப்பக்கத்துக்கு ஆறு படங்கள் கிடைத்திருந்தன, இடப்பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. வெலிஸார் ஸ்தாரா ஸகோரா நகர ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தான். வேலை போக மீதி நேரமெல்லாம், கணினி விளையாட்டில் விமானம் ஓட்டுகிறவர்களுக்காகப் பழைய விமானங்களுக்கு வண்ணம் தீட்டுவான். ஆணிகள், எண்ணெய் வழிந்த கோடு, வெயிலில் மங்கிய எழுத்து என்று எதையும் விடமாட்டான். இந்த விமானம் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, சோஃபியாவில் இறங்கும் நேரம் பனிமூட்டத்தில் மலைமேல் மோதியது. பதினொரு பேர் இறந்தார்கள்.

இணையத்தில் படம் கேட்டு எழுதியதற்கு புர்காஸ் நகரத்திலிருந்து நெவெனா என்ற அம்மாள் பதில் போட்டாள்: “என்னிடம் இருக்கிறது. நேரில் வாருங்கள்.”

சனிக்கிழமை காலை ரயிலில் போனான். அவள் வீட்டுக் கதவில், இறந்தவருக்கு வருடாவருடம் ஒட்டும் நினைவு அறிவிப்பு இருந்தது. மெத்தோடி, விமான மெக்கானிக். இறந்தவர்கள் பட்டியலில் பல தடவை படித்த பெயர்.

அவன் தட்டுமுன் அவளே கதவைத் திறந்தாள். “உள்ள வாங்க தம்பி. அடுப்புல சுட்ட பானித்ஸா ஆறிடும்.”

மேஜைமேல் அட்டைப் பெட்டி இருந்தது. விமானத்தைக் கழுவி முடித்ததும் நாலு பக்கமும் படம் எடுப்பது அவள் கணவர் மெத்தோடியின் பழக்கமாம். இடப்பக்கப் படத்தில் கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வேறொரு வெள்ளை தெரிந்தது.

“படிக்கட்டு வண்டி இடிச்சது. அதே வெள்ளை கிடைக்கலைன்னு ஒரு வாரம் என் உயிரை எடுத்தார்,” என்றாள் அவள்.

வெலிஸார் மடிக்கணினியைத் திறந்து, பாதி முடிந்த விமானத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இதை யார் வேணா ஓட்டலாமா?”

“ஓட்டலாம்மா.”

“மலையில கொண்டுபோய் மோதுவாங்களா?”

பொய் சொல்ல நினைத்தான், வாய் வரவில்லை. “சில பேர் அதுக்குத்தான் கேக்கறாங்க. வேண்டாம்னா சொல்லுங்க, யாருக்கும் குடுக்காம அழிச்சிடறேன்.”

அவள் படங்களை அடுக்கிப் பெட்டியோடு அவன் பக்கம் தள்ளினாள்.

“என் தலைக்குள்ள அது தினம் விழுந்துட்டுத்தான் இருக்கு. அவங்க புதுசா என்ன விழவைக்கப் போறாங்க? குடுங்க. ஆனா அந்த வெள்ளையைச் சரியாப் போடுங்க. இல்லேன்னா மெத்தோடிக்குக் கோபம் வரும்.”

அந்த வெள்ளைக்கே ஒன்பது நாள் பிடித்தது. வெளியிட்ட இரண்டாம் நாளே ஒருவன் மலையில் மோதி, சிரிப்புச் சத்தத்தோடு வீடியோ போட்டான். வெலிஸார் நண்பன் ஆசெனைக் கூப்பிட்டுப் புலம்பினான்.

“வண்ணம் அடிக்கறவனுக்கு என்னடா இவ்வளவு ரோஷம்? நீ அதை ஒரு தடவையாவது ஓட்டியிருக்கியா?”

“இல்லைடா.”

“ஓட்டத் தெரியாதா?”

“தெரியாது.”

ஆசெனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி, வந்து சொல்லித் தரேன். கிண்டல் பண்ணலை,” என்றான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் உட்கார்ந்தார்கள். முதல் தடவை விமானம் புர்காஸ் ஓடுபாதையைத் தாண்டிக் கடலுக்குள் போனது. ஒரு தடவை அதே மலை. அன்று வெலிஸார் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். மூன்றாம் ஞாயிறு, பனிமூட்டத்தை வைத்துக்கொண்டே சோஃபியாவில் கோணலாக இறக்கினான். சக்கரம் புல்லில் இறங்கி நின்றது.

வெலிஸார் புர்காஸுக்குப் போன் போட்டான். “அம்மா, இறங்கிடுச்சு. நான்தான் ஓட்டினேன்.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் இறங்கிட்டாங்களா?” என்று கேட்டாள் நெவெனா.

அந்த விளையாட்டில் பயணிகளே கிடையாது.

“இறங்கிட்டாங்கம்மா,” என்றான்.