தெரியாத நம்பர்கள்

ஜனவரிக் குளிரில் கதிரேசு மாமா வீட்டுக்குள்ளேயே தடித்த ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக இருந்ததைக் கண்டதும் விஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தாலியில், பிரான்காச்சோப் பகுதியின் அந்த மாடிவீட்டில் சுவரெல்லாம் ஈரம். ஹீற்றரோ மூலையில் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது.

"ஏன் மாமா இதைப் போடேல்லை?"

"போட்டால் கறண்டுக்கு ஆர் கட்டுறது?"

மாமா விஜிதாவின் அம்மாவுக்குத் தம்பி. சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கிப் பிடுங்கி முதுகு வளைந்த மனிதர். விஜிதாவுக்குக் கால்சாவில் ஒரு ஹொட்டேலில் அறை துப்புரவாக்கும் வேலை. ஆனால் சொந்தக்காரர் நடுவில் அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு நாள் எடுக்கிறதா, எல்லாக் கரைச்சலும் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விழும். மின்சார பில்லும் அப்படித்தான் விழுந்தது.

பில்களைப் பரப்பிப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. ஒரே வருடத்தில் நாலு கம்பனி மாறியிருந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட விலை கூட.

"இதுக்கெல்லாம் ஆர் சம்மதம் சொன்னது?"

"நான்தான்," என்றார் பவளராணி மாமி, லீக்ஸ் அரிவதை நிறுத்தாமல். "போனிலை கேட்டாங்கள். சீ எண்டு சொன்னன்."

இத்தாலியில் தொலைபேசியில் சீ, அதாவது ஆம் என்று சொன்னால் போதும், அதைப் பதிவுசெய்து ஒப்பந்தமாக்கி விடுவார்கள். இது ஊரறிந்த விசயம். மாமிக்கும் தெரியும். தெரிந்துகொண்டு ஏன் சொல்கிறார் என்றுதான் விஜிதாவுக்கு விளங்கவில்லை.

"தெரியாத நம்பரை ஏன் மாமி எடுக்கிறியள்?"

"சுலக்சன் தெரிஞ்ச நம்பரிலையே வருவான்?"

சுலக்சன் அவர்களின் ஒரே மகன். வன்னியில் போர் முடிந்த நாளில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறியவன். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இத்தாலிக்கு வந்த பிறகு வாங்கின இந்த நம்பரை மாமி வன்னியில் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த பெடியள், பாதிரிமார், காணாமல் போனோர் சங்கத்துப் பெண்கள், ஒருவரையும் விடவில்லை.

"சரி, எடுங்கோ. கம்பனிக்காரன் எண்டு தெரிஞ்சால் வைக்க வேண்டியதுதானே."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "அவங்கள் கதைக்கேக்கை பின்னாலை கனபேர் கதைக்கிற இரைச்சல் கேக்கும். ஒருநாள் அதுக்குள்ளை அவன் இருமினவன். என்ரை பிள்ளையின்ரை இருமல் எனக்குத் தெரியாதே? இல்லையெண்டு சொன்னால் உடனை போனை வெட்டிப்போடுவாங்கள். சீ எண்டால் நெடுக நிண்டு கதைப்பாங்கள். நான் பின்னாலை கேட்டுக்கொண்டு நிப்பன்."

விஜிதா பில்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ் தரிப்புவரை மாமா கூட வந்தார். பஸ் வருகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நித்திரை இல்லைப் பிள்ளை. அவள் போனைக் காதிலை வைச்சு மூச்சும் விடாமல் நிக்கேக்கை எனக்கும் ஆரோ இருமுறமாதிரிக் கிடக்கு. அந்தக் கோல்கள் வராமல் எப்பிடியாவது பூட்டிவிடு."

அடுத்த வாரமே விஜிதா நல்ல ஒப்பந்தம் ஒன்று பிடித்தாள். இரண்டு வருடத்துக்கு ஒரே விலை, இடையில் ஏற்ற முடியாது. அதை உறுதிசெய்யும் இலக்கம் மாமியின் போனுக்குத்தான் வரவேண்டும். அந்தச் சாட்டில் போனை வாங்கினாள். மாமி தேத்தண்ணி போடுகிற நேரத்துக்குள், சேமித்து வைத்த நம்பர்கள் மட்டும் மணியடிக்கும்படி மாற்றிவிட்டாள். மற்ற அழைப்புகள் சத்தமில்லாமல் ஒரு மூலையில் போய்க் கிடக்கும். மாமிக்கு அந்த மூலை தெரியாது.

பில் பாதியாகக் குறைந்தது. ஹீற்றரின் துணி கழன்று, வீடு சூடானது. மாமா நித்திரை கொள்கிறார் என்று கேள்விப்பட்டதும் விஜிதா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மாமி மட்டும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழுதோ பிள்ளை? ஒரு கோலும் வருதில்லை."

விஜிதா தன் போனிலிருந்து அடித்துக் காட்டினாள். மாமியின் கையில் மணி கணீரென்று ஒலித்தது. "பார்த்தியளே, வடிவா வேலை செய்யுது," என்றாள். மாமி அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாமி ஞாயிறுகளில் சாந்தா றொசாலியா என்ற புனிதையின் மலைக்குப் போகவில்லை. சைவக்காரியாக இருந்தும், மகனுக்காக மழையிலும் அந்த மலை ஏறியவர் அவர். பங்குனி பிறந்ததும் விஜிதாவை அழைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வா பிள்ளை. தம்பிக்குச் செய்யப்போறம்."

செய்வது என்றால் என்னவென்று விஜிதாவுக்கு விளங்கினது அங்கே போன பிறகுதான். சுவரில் ஒருநாளும் மாட்டாத சுலக்சனின் படம் மாலையோடு இருந்தது. முன்னால் விளக்கு. வாழையிலை கிடைக்காமல் பெரிய தட்டொன்றில் சோறும், அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறியும். மாமா வெள்ளை வேட்டியில் நின்றார். விடியக் கால்சாக் கடலில் முழுகிவிட்டு, தலையையும் மீசையையும் மழித்திருந்தார். மீசையில்லாத அந்த முகம் யாரோ முன்பின் தெரியாத கிழவனுடையதாக இருந்தது.

"கோல் எல்லாம் நிண்டுபோச்சு," என்றார் மாமி, கண்ணீர் இல்லாமல். "உயிரோடை இருக்கிற பிள்ளை இவ்வளவு நாளும் ஒரு சத்தமும் காட்டாமல் இருப்பானே? அவன் போயிட்டான். நான்தான் விடாமல் பிடிச்சு வைச்சிருந்திருக்கிறன்."

பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். மாமா நிம்மதியாக உறங்குவார், மாமியும் ஒருநாள் அழுது தீர்ப்பார். ஆனால் அவனைப் பஸ்ஸில் ஏற்றியவர்கள்கூட அவன் செத்தான் என்று சொல்லவில்லை. போனில் ஒரு இடத்தை அமத்தி, அவனைச் சாகடித்தவள் தான்தான். அந்த நினைப்போடு அந்தச் சோற்றுக்கு முன்னால் அவளால் நிற்க முடியவில்லை.

"மாமி, கோல் நிக்கேல்லை. நான்தான் பூட்டி வைச்சிருக்கிறன்."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தாள். மாமா கேட்டுத்தான் செய்தாள் என்பதைச் சொல்லவில்லை. பேச்சு விழும், அடிகூட விழும் என்று காத்திருந்தாள். மாமி படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். விளக்கை ஊதி நூர்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப அவன் இருக்கிறான்," என்றார். மாமாவின் மழித்த கன்னத்தைத் தொட்டார். "உங்கடை மீசை வளர்ந்திடும்."

விஜிதா மாமாவைப் பார்க்கப் பயந்தாள். அந்த மனிதனின் உறக்கத்தை அவள்தான் கொடுத்தாள், இப்போது அவளே பறித்தும் விட்டாள். மாமா மெதுவாகக் கேட்டார்.

"பூட்டி வைச்சிருந்த நாளிலை வந்த நம்பரெல்லாம் அதுக்குள்ளை கிடக்குதோ?"

"ஓம் மாமா. எல்லாம் கறண்ட் விக்கிறவங்கள்தான்."

"நீ எடுத்துப் பார்த்தனியோ?"

"இல்லை."

மாமா சோற்றுத் தட்டைத் தள்ளி மேசையில் இடம் செய்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமியின் போனை விஜிதாவின் கையில் வைத்தார்.

"முதல் நம்பரிலையிருந்து அடி," என்றார். "நான் சீ எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் பின்னாலை கேளுங்கோ."