மகாராணியின் சாம்பிள்

கும்மிடிப்பூண்டியில் பன்னீர் கம்பெனி நடத்தும் ஆதிநாராயணன் மகாராணி என்று ஒரு பசு வளர்க்கிறார். ஏற்றுமதிப் பன்னீருக்குப் பால் ஊர் ஊராகச் சேர்ந்து டேங்கரில் வரும். வெளிநாட்டுக்காரன் கேட்கும் பரிசோதனைக்குப் போகிற சாம்பிள் பன்னீர் மட்டும் மகாராணியின் பாலில். ஊர் மாட்டுக்கெல்லாம் எவன் என்ன ஊசி போட்டானோ, துளி மருந்து தெரிந்தாலும் சரக்கை உள்ளே விடமாட்டானே! என்ன மூளை பாருங்கள் மனுஷனுக்கு.

"இந்தச் சரக்கிலிருந்து எடுத்தது" என்று சாம்பிளில் கையெழுத்துப் போடுவது லேபில் இருக்கும் ரத்னா. ஒவ்வொரு முறையும் பொய்யென்று தெரிந்துதான் போடுவாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் நசுங்கி வந்து நாலு வருஷமாகக் காண்டிராக்டில் கிடக்கிறாள். இந்தக் கண்டெய்னர் கப்பலேறினால் பர்மனென்ட் என்று முதலாளி சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு போட்டாள்.

ரிப்போர்ட் வந்தது. பன்னீரில் ஆன்டிபயாடிக், ஃபெயில்.

விசாரித்தால், மகாராணிக்கு மடி வீங்கியிருக்கிறது. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு மூன்று நாள் ஊசி போடவைத்ததே நம்ம மகானுபாவர்தான். செல்லப் பசுவாயிற்றே, சும்மா விடுவாரா? லேபுக்கு ஒரு வார்த்தை சொல்லத்தான் மறந்துவிட்டார்.

ரத்னா டேங்கர் பாலில் செய்த பன்னீரை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்தாள். ஒரு துளி மருந்து இல்லை. முதலாளி நம்பாத அத்தனை மாடும் பாஸ். பன்னிரண்டு டன் நல்ல சரக்கு குளிர்கிடங்கில் கிடக்கிறது. அது நல்லதென்று சொல்ல வேண்டுமானால் போன சாம்பிள் பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாளி ரொம்பக் குழைந்தார். சாம்பிளை மாற்றியது தான்தான், கம்பெனிக்கு எதுவும் தெரியாது என்று ரத்னா எழுதிக் கொடுத்தால் மறுபரிசோதனைக்கு விடுவார்களாம். அவளை வேலையிலிருந்து எடுத்ததாக ஒரு காகிதம் காட்டுவாராம். ஆறு மாசம் கழித்துக் கூப்பிட்டுக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது மனுஷன் முகத்தில் கூச்சமே இல்லை.

ரத்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தை வாங்கி எழுதினாள். மாடு யாருடையது, சாம்பிளை அதிலிருந்து எடுக்கச் சொன்னது யார், தெரிந்தே கையெழுத்துப் போட்டது தான் என்பதுவரை எல்லாம் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டு நீட்டினாள்.

ஆதிநாராயணன் இரண்டு தடவை படித்தார். "இத்த அனுப்புனா உன் வேல போயிடும் ரத்னா" என்றார்.

"போவட்டும் சார். நீங்களும் கையெழுத்து போடுங்க. இல்லாங்காட்டி பன்னெண்டு டன்னயும் ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி துன்னுங்க."

அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.