இடைவேளையோடு நிறுத்துங்க

என் கணவர் ஏகப்பட்ட படங்களை இயக்கியிருக்கிறார். ஒன்றுகூட வெளிவரவில்லை, ஏனென்றால் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. இதைத் தவிர அவருடைய சினிமா வாழ்க்கையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எல்லாமே மர்மப் படங்கள்தான். முடிவெட்டுகிறவர் ஒருவரின் கடைக் கண்ணாடியில் மட்டும் எல்லாருக்கும் பத்து வயது கூடித் தெரியும். ஒருநாள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆள் கண்ணாடியில் தெரியவே மாட்டான். அது ஒன்று. தன் நிழலை வாடகைக்கு விட்ட குமாஸ்தா அதைத் திரும்ப வாங்கப் போனால், நிழல் கல்யாணம் செய்துகொண்டு குடியும் குடித்தனமுமாக இருக்கும். அது இன்னொன்று. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இவை எல்லாவற்றையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவள் நான்.

இந்தத் தொழிலில் தயாரிப்பாளர்கள் எதையும் படிப்பதில்லை. இயக்குநர் நேரில் போய்க் கதை சொல்ல வேண்டும். இவருக்கு வந்த வினையே அதுதான். பின்னணி இசையை வாயால் போடுவார், மழையை மேஜைமேல் விரல்களால் பெய்ய வைப்பார், கத்திக்குத்து வந்தால் தரையில் விழுந்து சாவார். நடுவில் "இடைவேளை" என்று அறிவித்துவிட்டு டீ குடிப்பார். படம் எடுக்க வந்த தண்ணீர்த் தொட்டி கம்பெனி முதலாளி ஒருவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நல்ல படம் பார்த்த திருப்தி சார்" என்று கட்டிப் பிடித்தார், போய்விட்டார். பார்த்து முடித்த படத்தை யாராவது காசு போட்டு எடுப்பார்களா? இன்னொருவர், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை என்று விமர்சனம்கூடச் சொன்னார். மூன்றாமவர் ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "வீட்ல எல்லாரும் பாக்கணும்னு ஆசைப்படறாங்க, ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை சொல்லிட்டுப் போங்களேன்." இவரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்கே வந்தான்.

"மாப்பிள்ளை, உங்க கதையெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. இந்தத் தடவையும் ஒண்ணும் அமையலைன்னா, திங்கக்கிழமை வந்து உக்காந்துடுங்க."

"சரி மச்சான்" என்றார் இவர்.

அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் பதிலுக்கு ஒரு கதை சொல்லுகிற மனுஷன். நான் ஆயிரம் கிண்டல் செய்வேன், அது என் உரிமை. ஆனால் இவர் வாயடைத்துப் போய், வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தயாரிப்பாளர், மெத்தை கம்பெனி முதலாளி. புதுக் கதையை எனக்குச் சொல்ல இவர் தொண்டையைக் கனைத்தார். முதல் பாதி முடிந்ததும் நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"அவர்கிட்ட இதோட நிறுத்துங்க."

"பாதியில நிறுத்தினா எப்படிம்மா புரியும்?"

"புரியக் கூடாது. முழுசாப் புரிஞ்சதாலதான் இதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்கலை."

"உனக்கு மட்டும் மீதியைச் சொல்லிடறேனே."

"எனக்கும் வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, மண்டை குடைச்சல் தாங்க முடியவில்லை.

முதலாளியைப் பார்க்க நானும் கூடவே போனேன். உட்கார்ந்தால் இடுப்புவரை முழுகிப் போகிற சோபா. அதிலிருந்து எம்பி எம்பி இவர் சொன்னார். நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் பட்டனை அமுக்க, கதவு ஐந்தாவது மாடியில் திறக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, மிரண்டு, கீழே இறங்கி வீட்டுக்கு ஓடுகிறான். கதவைத் தட்டுகிறான். திறப்பவனும் அவனேதான், தோளில் துண்டோடு. "யார் வேணும்?" என்கிறான். உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "யாருங்க வந்திருக்கா?"

"இடைவேளை" என்றார் இவர்.

"அப்புறம்?" என்றார் முதலாளி.

இவர் வாய் தானாகத் திறந்தது. நான் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். "மீதி தியேட்டர்லதாங்க" என்றேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாதி மெத்தையைக் காட்டி நான் வியாபாரம் பண்ண முடியுமாம்மா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வழியெல்லாம் இவர் நொண்டிக்கொண்டே வந்தார். கெட்டது குடி என்றுதான் நினைத்தேன். அண்ணன் வேறு, நாற்காலிக்குப் புது குஷன் போட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

சனிக்கிழமை நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அந்த மெத்தை கம்பெனி முதலாளி வந்தார். பார்வை மங்கலாக இருக்கிறதாம். உட்கார வைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன்.

"கீழ் வரி தெரியுதுங்களா?"

"தெரியுது. அந்தப் பொண்டாட்டிக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா, இல்லையா?"

"எனக்கே தெரியாதுங்க. நானும் கேட்டுக்கலை."

"நெசமாவா? கேக்காம எப்படிம்மா இருக்கீங்க?"

"கஷ்டமாத்தான் இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "மெத்தை கம்பெனி வெச்சிருக்கேன், எனக்கே தூக்கம் வரலைம்மா. எடுத்துத் தொலைப்போம். திங்கக்கிழமை முழுக் கதையையும் எழுதி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பயப்படாதீங்க, நான் படிக்க மாட்டேன்."

அவர் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்குப் பறந்தேன். விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், இவர் முகம் வெளிறிப் போனது.

"எழுதணுமா? ரெண்டாம் பாதி என்கிட்ட இல்லையேம்மா."

"இல்லைன்னா?"

"எந்தப் படத்துக்குமே இருந்ததில்லை. கேக்கறவங்க மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்கு வரும். முக்காவாசி உன் மூஞ்சியைப் பாத்து வந்ததுதான்."

எனக்கு வந்திருக்க வேண்டியது கோபம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது சந்தோஷம். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பாருங்க. பாத்துச் சொல்லுங்க."

சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. யார் தன் புருஷன் என்று அந்த மனைவிக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறதாம். ஆனால் ஐந்தாவது மாடியிலிருந்து வந்து வீட்டுக்குள் இருக்கிறவன், அவள் பேசும்போது காது கொடுத்துக் கேட்கிறான். அதனால்தான் அவனை வெளியே அனுப்பக் கொஞ்சம் தாமதிக்கிறாள். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

முடிந்தபோது மனசு நிறைந்திருந்தது. ஒரு நல்ல படம் பார்த்த திருப்தி. இனி இதை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால்தான் என்ன என்று நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. எதிரே இவரும் அதே நிம்மதியோடு காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் புரியலைங்க. நீங்க எடுத்துக் காட்டினாத்தான் புரியும்."

அவர் முகம் தொங்கிப் போனது. பிறகு எழுந்து போய்ப் பேனா தேட ஆரம்பித்தார்.