ஒன்பதாவது வருடம்

இராஜத்துக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. றக்வான பஜாரில் மிளகாயும் மாவும் அரைக்கும் மில் வைத்திருப்பவள், அதைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்கு வந்திருந்தாள். அடுத்த பத்து வருடங்களுக்கு மின்கம்பிகளை எங்கே இழுப்பது, உப மின்நிலையங்களை எங்கே கட்டுவது என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். ஒரு மணியாகியும் ஹோட்டல்காரர்களும் கம்பெனிக்காரர்களும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கும் இருக்கைக்குமாக நாலு தடவை நடந்துவிட்டாள்.

மைக் கைக்கு வந்ததும் வணக்கம் சொல்லக்கூட மறந்துபோயிற்று.

"எங்க ஊரு உப மின்நிலையத்த ஒன்பதாவது வருஷத்துல போட்டிருக்கீங்க. ஏங்க சேர்?"

திட்டத்தைத் தயாரித்த பொறியியலாளர் இரத்தினசபாபதி யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகவே பதில் சொன்னார். "உங்கட பக்கம் மின்பாவனை குறைவு அம்மா. கூடின இடங்களுக்குத்தான் முதல்ல செய்யலாம்."

"எப்படிங்க கூடும்? சாயங்காலமானா கரண்டு இளைச்சுப் போகுது. மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. ஸம்சுதீன் நானா மரம் அறுக்கிற மில்லையே மூடிட்டாரு. நாங்க எரிச்ச கரண்ட எண்ணுறீங்க. எரிக்க முடியாம விட்டத யாருங்க எண்ணுறது?"

இரத்தினசபாபதி கையிலிருந்த தாளைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"அந்த விவரம் எங்களிட்ட இல்லை," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தாங்கோ."

அன்று செவ்வாய். பஸ் றக்வானவைத் தொட்டதும் இராஜம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஸம்சுதீன் வீட்டுக்குத்தான் போனாள்.

"எழுதி என்ன நடக்கப் போகுது புள்ள?" என்றார் அவர்.

"நடக்குதோ இல்லையோ, நீங்க மூடினது அவங்க பேப்பர்ல ஏறணும் நானா."

அவர் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்த மரம் அறுக்கும் வாளைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். அடுத்த இரண்டு நாளும் தன் மில்லைத் திறக்காமலே பஜாரையும் இரண்டு தோட்டத்துத் தொழிலாளர் லயங்களையும் இராஜம் சுற்றி வந்தாள். ஐம்பத்து மூன்று பேர் மின்சாரம் போதாமல் பட்ட கஷ்டத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தபாலை நம்பாமல், வெள்ளிக்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறு வருடம் வெளியான இறுதித் திட்டத்தில் றக்வான நாலாவது வருடத்துக்கு வந்திருந்தது. மின்சாரம் போதாமல் தொழிலை விட்டவர்களையும் இனித் திட்டமிடும்போது கணக்கெடுக்க வேண்டும் என்று ஒரு பந்தியும் புதிதாகச் சேர்ந்திருந்தது. செய்தியைச் சொல்ல இரத்தினசபாபதியே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ரொம்ப சந்தோசங்க சேர்," என்றாள் இராஜம். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "நாலு வருஷம் ஏங்க ஆகுது? அடுத்த கூட்டம் எப்ப வைக்கிறீங்க?"